முதலில் ஊரிலேயே நனையுங்கள்: இலங்கைச் சாகசப் பயணத்துக்கு மாணவர் குழுவைத் தயார்செய்வது எப்படி?

வெப்பமண்டல நாட்டுக்குச் சாகசப் பயணம் போவது எப்படி என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. வெயிலுக்கு மிரளாதீர்கள், பல்லிக்கு அலறாதீர்கள் என்று தொடங்கும். நாங்கள் இருப்பது செங்கோட்டை. வரைபடத்தில் ஏறக்குறைய 9 டிகிரி வடக்கு. இலங்கை கிடப்பதும் 6 முதல் 10 டிகிரிக்குள்தான். எங்கள் மாணவர்களுக்கு வெயிலும் புதிதல்ல, மழையும் புதிதல்ல. தெரிந்த மழைதானே என்ற அலட்சியம்தான் அவர்களைக் கவிழ்க்கும்.

முதன்முறையாகக் குழுவை அழைத்துப்போகும் ஆசிரியருக்கும், முதன்முறையாகக் கடல் தாண்டும் மாணவருக்கும் இதை எழுதுகிறேன். சிவனொளிபாதமலை ஏற்றமும், கித்துல்கலவில் களனி கங்கையில் ரப்பர் படகுச் சவாரியும் சேர்ந்த ஒரு வாரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

1. மாதம்

நமக்குக் குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் இலங்கையின் தென்மேற்கிலும் அதே பருவமழை கொட்டும். சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை. அப்போதுதான் படிகளில் விளக்கு எரியும், வழியில் தேநீர்க் கடைகள் இருக்கும். ஜனவரி, பிப்ரவரி நல்லது. பௌர்ணமியையும் வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணியே விடிந்துவிடும்.

2. பாஸ்போர்ட்

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். நம் ஊரில் சிக்கல் பணத்தில் இல்லை, இனிஷியலில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ‘மு. கார்த்திகா’, ஆதாரில் ‘கார்த்திகா முருகன்’, கல்லூரி அடையாள அட்டையில் வெறும் ‘கார்த்திகா’. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து, விண்ணப்பத்துக்கு முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே வரவேண்டும். ஒருமுறை பயண முகவர் ஒருவர் அப்பா பெயரையும் பிள்ளை பெயரையும் மாற்றிப் போட்டுவிட, திருத்துவதற்கு மூன்று நாள் தொலைபேசியும் கையுமாக இருந்தேன்.

முதலாமாண்டு மாணவர்களில் 18 வயது நிரம்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோரின் உறுதிமொழியும் தேவை. இலங்கைக்கான பயண அனுமதியை இணையத்திலேயே வாங்கலாம். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால், புறப்படும் மாதத்தில் அந்நாட்டு அரசின் தளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

3. கால்

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர். ஊட்டி நிற்கும் உயரம்தான். ஆனால் அடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்குவார்கள். உச்சியில் காற்று எலும்பைத் துளைக்கும். வெப்பமண்டலம் என்று சொல்லி ஸ்வெட்டரை வீட்டில் விட்டுப் போகிறவர் விடியும்வரை நடுங்கலாம்.

எங்களுக்குப் பயிற்சிக்கூடம் பண்பொழி திருமலைக்கோயில் படிகள். ஒரு சனிக்கிழமை நான்கு முறை ஏறி இறங்கினால், எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் பேசும். இரண்டாவதுதான் மோசம்.

காட்டுப் பாதையில்தான் பழக வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியோடு மட்டும் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

4. பை: இதற்குத்தான் அதிக நேரம்

ஜனவரிப் பயணத்துக்கு ஜூலையிலேயே ஒத்திகை வையுங்கள். சாரல் காலம் அதற்கென்றே வருகிறது. சென்ற ஆண்டு பதினெட்டு மாணவர்களையும் முழுப் பையோடு பண்பொழிக்கு வரச்சொன்னேன். கிளம்பும் முன், பழைய பேப்பர் கடையில் கேட்டு வாங்கிய கொக்கித் தராசில் ஒவ்வொரு பையையும் தொங்கவிட்டோம். ஏழு கிலோ என்பது என் கணக்கு. ஒரு பை பதினொன்றரை காட்டியது. உள்ளே இஸ்திரிப் பெட்டி!

மழையில் மூன்று மணி நேரம் படிகளில் ஏறி இறங்கிவிட்டு, கல்லூரி வராந்தாவுக்குத் திரும்பி, எல்லோரும் பையைத் தரையில் கவிழ்த்தார்கள். மேலுறை போட்டிருந்த பைகளிலும் தண்ணீர். முதுகுப் பக்கத்தில் வழிந்த நீர் தோள்பட்டை வார் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. ஒரு மாணவியின் ஜீன்ஸைத் தராசில் மாட்டினோம். காய்ந்தபோது முக்கால் கிலோ, இப்போது ஒன்றே முக்கால். “இது பேன்டா மேடம், ஊறப்போட்ட அரிசி மூட்டையா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதன்பின் ஜீன்ஸ் வேண்டாம் என்று நான் தனியாகச் சொல்லவே இல்லை.

அன்று கற்றது: பைக்குள் முதலில் ஒரு கனத்த பிளாஸ்டிக் பையை விரித்து, துணிகளை அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டவேண்டும். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் சட்டை மூன்று, கால்சட்டை இரண்டு போதும். இரவில் உடுத்தும் ஒரு செட் மட்டும் எந்த மழைக்கும் நனையக்கூடாது. அதற்குத் தனி உறை. துவாலைக்குப் பதிலாக, எல்லைக்கு அந்தப்பக்கம் புனலூரில் விற்கும் தோர்த்து இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைக்குட்டை போல மடியும், விசிறினால் காயும். கேரளத்துக்காரர்கள் மழையோடு குடித்தனம் நடத்திக் கண்டுபிடித்த பொருள் அது.

பவர் பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. இட்லிப்பொடி எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம், குழுவுக்கு அரைக் கிலோ. ஆளுக்கு அரைக் கிலோ அல்ல.

5. அட்டையும் மருந்தும்

மழைக்காட்டுப் பக்கம் போனால் அட்டை ஏறும். கால்சட்டையின் நுனியை நீளமான காலுறைக்குள் செருகுங்கள். கடித்தால் பிய்த்து இழுக்காமல், அதன் வாய்ப்பக்கம் நகத்தைப் படுக்கவைத்து நெம்புங்கள். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் வழிந்துகொண்டிருக்கும்; கழுவி, பஞ்சை அழுத்திப் பிடித்தால் போதும்.

இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. டெங்கு உண்டு, அந்தக் கொசு பகலில் கடிக்கும். புண்ணோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். கேரளத்தில் எலிப்பனி என்று பயப்படுவது இதைத்தான். டெட்டனஸ் ஊசி, தடுப்பு மாத்திரை பற்றியெல்லாம் மருத்துவரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். வயிற்றுப்போக்கு உப்புக்கரைசல் பொட்டலம் தீர்ந்துவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. மாணவிகள் நாப்கினைக் கணக்குக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கடையில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

6. ஆறு

குற்றாலத்தில் குளித்தவர்கள் எல்லோரும் நீச்சல் தெரியும் என்பார்கள். அருவியில் நிற்பது நீச்சல் அல்ல. லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும், நண்பரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு, மறுபடி இறுக்குங்கள். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, பாதம் இரண்டும் நீர் ஓடும் திசையை நோக்கி மிதக்கவேண்டும். ஓட்டத்தில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். இதை வகுப்பறைத் தரையில் படுக்கவைத்தே பழக்கலாம், சிரிப்பார்கள், பரவாயில்லை.

7. மூவர் மூவராக

இரண்டிரண்டு பேராகப் பிரிக்காதீர்கள். ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், ஒருவர் உதவிக்கு ஓடவேண்டும். காப்பீட்டில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். அங்கே அவசர ஆம்புலன்ஸ் 1990, போலீஸ் 119. எல்லோர் கைப்பேசியிலும் பதியச் சொல்லுங்கள். மலைக்குப் போகும் வழியில், ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தமிழிலேயே வழி கேட்கலாம்.

8. கடைசி மூன்று நாள்

கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஐயாயிரம் படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நகம் ஷூவின் முனையில் இடிக்கும். புது ஷூ வேண்டவே வேண்டாம்.

கட்டிமுடித்த பையில், கடைசி இரவு அம்மா ஒரு முறுக்கு டப்பாவைத் திணிப்பார். மறுக்காதீர்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும் வேனில் ஏறியதும் டப்பாவைத் திறந்துவிடுங்கள். ஆரியங்காவு தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும்.