கம்பம் பள்ளத்தாக்கில் கிராவல் சைக்கிள்: முதலில் டயரைச் சரிசெய்வோம்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் மண் பாதைகளில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்றுதான். சைக்கிள் அப்புறம், முதலில் டயர் என்பதுதான் என் பதில். வீரபாண்டியிலிருந்து லோயர் கேம்ப் வரை ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு, திராட்சைத் தோட்டம் என்று வண்டிப் பாதைகள் கிடக்கின்றன. அவற்றின் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம் நிற்கிறது. வேலி அடைக்க வெட்டிய முள் பாதையிலேயே சிதறிக் கிடக்கும். டியூப் போட்ட டயரில் போனால் ஒரே காலையில் இரண்டு மூன்று தடவை இறங்கி பஞ்சர் ஒட்ட வேண்டிவரும். அதோடு ஆசையே விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் டயரைப் பற்றித்தான்.

எந்த டயர்

மண், சரளைப் பாதைக்கென்றே அகல டயரோடு வரும் கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. 38 மி.மீ. அகல டயர் நுழையும் ஹைப்ரிட் சைக்கிள் இருந்தாலும் போதும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஃபிரேமில் போடாதீர்கள், டயரில் போடுங்கள். நான் விரும்புவது 40 மி.மீ. டியூப்லெஸ் டயர்: நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் சிறு ரப்பர் கட்டைகளோடும் இருப்பது. பெரிய கட்டை வைத்த டயர் இங்கே தேவையில்லை. பாதி தூரம் எப்படியும் தார் சாலைதான். ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சாதாரண ரிம்மில் நாடா ஒட்டிச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இறக்கத்தில் டயர் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்த யோசனையே வராது.

டியூப்லெஸ் மாற்றும் முறை

ரிம்மின் உட்பக்கத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். கை எண்ணெய் பட்டால்கூட நாடா ஒட்டாது. ரிம்மின் உள் அகலத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. அதிக அகலமுள்ள டியூப்லெஸ் நாடாவை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். வால்வு துளைக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, முழுச் சுற்று வந்து, தொடங்கிய இடத்தைத் தாண்டி ஒரு சாண் போக வேண்டும். பிறகு டியூபைப் போட்டுக் காற்றடித்து ஒரு ராத்திரி விட்டுவிட்டால் நாடா நன்றாகப் படிந்துவிடும். டியூபைப் போடுவதற்கு முன் நாடாவில் வால்வுக்கான துளையைச் சூடாக்கிய ஊசியால் குத்துவது நல்லது. கத்தியால் கீறினால் கீறல் நீண்டுகொண்டே போகும்.

அடுத்ததுதான் என்னை நெடுநேரம் உட்கார வைத்த கட்டம். டியூபை எடுத்துவிட்டு, டியூப்லெஸ் வால்வைப் பொருத்தி, டயரை மாட்டிவிட்டு எவ்வளவு வேகமாகப் பம்ப் அடித்தாலும் ஓரத்தில் 'புஸ்' என்று காற்று போய்க்கொண்டே இருக்கும், டயர் எழும்பவே எழும்பாது. மூன்று விஷயங்களைப் பார்த்தால் எழும்பிவிடும்.

முதலாவது வால்வின் உள் ஊசி. அதைக் கழற்றிவிட்டால் காற்று ஒரே வீச்சில் உள்ளே போகும். இதற்கென்று சிறு பிளாஸ்டிக் சாவி விற்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, டயரின் இரண்டு விளிம்புகளும் வால்வுக்கு இரு பக்கமாகச் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். வால்வின் ரப்பர் அடிப்பாகத்தின் மேல் ஒரு விளிம்பு ஏறி நின்றால் அந்த இடுக்கு வழியாகவே எல்லாக் காற்றும் போய்விடும். வால்வைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, விளிம்பைக் கட்டைவிரலால் அதன் பக்கத்தில் இறக்கிவிட்டு, வால்வை மறுபடி வெளியே இழுங்கள். மூன்றாவது, விளிம்பு முழுக்க சோப்புத் தண்ணீர் தடவுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு நின்றபடி அடிக்கும் பெரிய பம்பால் விடாமல் அடித்தால் 'டப்... டப்' என்று விளிம்பு ரிம்மில் ஏறும் சத்தம் கேட்கும். டயர் பக்கவாட்டில் அச்சடித்த அளவைத் தாண்ட வேண்டாம். கொக்கியில்லா ரிம் (டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி போன்ற மடிப்பு இல்லாதது) என்றால் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் எந்தக் காரணம் கொண்டும் போகக் கூடாது.

விளிம்பு ஏறியதும் காற்றை விட்டுவிட்டு, ஊசி கழற்றிய வால்வு வழியாகவே ஒரு சக்கரத்துக்கு 80 மி.லி. சீலன்ட் (முள் குத்திய துளையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். பல டப்பாக்களில் 60 போதும் என்று போட்டிருக்கும். நம் வெயிலுக்கும் நம் முள்ளுக்கும் அது பற்றாது. ஊசியைத் திருகி, காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி இரு பக்கமும் சாய்த்துக் குலுக்குங்கள். உடனே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

காற்றின் அளவு

சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டியூப்லெஸ் டயரில் முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். கல்லில் ஏறும்போது ரிம் இடிக்கும் 'டங்' சத்தம் கேட்டால் 2 கூட்டுங்கள். சரளையில் சக்கரம் துள்ளினால் 2 குறையுங்கள். பஞ்சர் கடையில் நல்ல எண்ணத்தோடு 60 அடித்துவிடுவார்கள். சரளையில் அது வழுக்கிவிடும், கையும் மரத்துப்போகும். ஒரு சிறிய அளவுமானியை உடன் வைத்திருங்கள்.

வழியில் முள் ஏறினால்

பதற வேண்டாம். முள்ளைப் பிடுங்கியதும் வெள்ளையாகச் சீலன்ட் பீய்ச்சும். துளை கீழ்ப்பக்கம் வருமாறு சக்கரத்தைத் திருப்பி, சைக்கிளைத் துளையின் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் குமிழி குமிழியாக வந்து அடங்கிவிடும். அடங்காவிட்டால் பிளக் ஊசி, அதாவது துளைக்குள் ரப்பர் திரியைச் செருகும் ஊசி. அதைப் பையின் அடியில் போடாமல் எட்டும் இடத்தில் வையுங்கள். முள் ஒடிந்து வெளியே தெரியாமல் உள்ளே நின்றுவிட்டால் தோண்டாதீர்கள், காற்று இறங்காதவரை அப்படியே ஓட்டலாம்.

எந்த வழி

முதல் பயணத்துக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலில் தொடங்கி, உப்புக்கோட்டை, குச்சனூர், மார்க்கையன்கோட்டை வழியாகச் சின்னமனூர் போய்த் திரும்புங்கள். ஜனவரி 15 சமயம் போனால் பாலார்பட்டியில் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைப்பதைப் பார்க்கலாம். அவர் 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்த வயல்களுக்கு வருகிறது. நீங்கள் ஓட்டப்போகும் கரைகளை ஒட்டிய வாய்க்கால்களில் ஓடுவதும் அந்தத் தண்ணீர்தான். சின்னமனூர் என்றதும் பாண்டியர் செப்பேடுகள் நினைவுக்கு வரும். கால் பழகிய பிறகு உத்தமபாளையம் வரை நீட்டி, அங்கே பாறையில் செதுக்கியிருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களையும் கீழே உள்ள வட்டெழுத்தையும் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். நின்று பார்க்கத்தானே சைக்கிளில் போகிறோம்.

வழி வரைய எனக்குப் பிடித்தது சாட்டிலைட் படத்தைப் பார்த்துக் கையால் கோடு போடுவதுதான். ஆப் தானாகப் போட்டுத் தரும் வழி நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடும், இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் தோட்டத்துக்குள். படத்தில் பாதை தெரிந்தாலும் தோட்டத்தில் ஆள் இருந்தால் இறங்கி, "அண்ணே, இப்படியே போனா ரோடு வருமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. கேட்காமல் நுழைந்தால் நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கதவு மூடிவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கம்பம் பக்கமிருந்து காற்று பேய்த்தனமாக வீசும். அந்த மாதங்களில் விடியும்போதே எதிர்காற்றுப் பக்கம் ஓட்டி முடித்துவிடுங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். நடவு சமயத்தில் வாய்க்கால் கரை சேறாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரிதான் எனக்குப் பிடித்த மாதங்கள்.

காட்டு எல்லை

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கம்பத்திலிருந்து சுருளி அருவிப் பக்கம் போகும்போது திராட்சைத் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும். அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். யானை நடமாட்டம் இருந்தால் அருவிக்கே விடமாட்டார்கள். சோதனைச் சாவடியில் 'கூடாது' என்றால் திரும்பிவிடுங்கள், பக்கத்து ஒற்றையடிப் பாதையைத் தேடாதீர்கள். 2018 மார்ச்சில் இதே மாவட்டத்தின் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் இங்கே காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அனுமதி இல்லாத பாதையில் நீங்கள் இருப்பது யாருக்கும் தெரியாது, தேடியும் வரமாட்டார்கள்.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் இரண்டு சிக்கல்களைச் சொல்லியிருந்தார்கள்.

பஞ்சர் கடை கம்ப்ரசர் சைக்கிளின் ஒல்லி வால்வில் பொருந்தவில்லையாம். பித்தளையில் சிறு அடாப்டர் கிடைக்கும், அதை வால்வின் மேல் திருகினால் பொருந்தும். விலை மிகக் குறைவு, ஒன்றை எப்போதும் வால்விலேயே மாட்டி வைத்திருங்கள். சீலன்ட் வால்வுக்குள் அடைக்காமல் இருக்க, காற்று விடும்போது வால்வு மேல்பக்கம் இருக்கட்டும்.

இன்னொருவருக்கு டயரின் பக்கச்சுவர் கிழிந்து, அவசரத்துக்கு டியூப் போட்டதும் அந்த டியூபும் உடனே போய்விட்டது. இதை நான் முன்பே எழுதியிருக்கலாம். மாதக்கணக்கில் ஓட்டிய டியூப்லெஸ் டயரின் உள்ளே சீலன்ட் அடைத்து வைத்த முள் நுனிகள் நிறைய நிற்கும், டியூப் போட்டால் அத்தனையும் அதைத்தான் குத்தும். விரலால் தடவிப் பார்த்தால் விரல் கிழியும். பழைய பருத்தித் துணியை டயருக்குள் மெதுவாகச் சுற்றி இழுங்கள், எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முள். குறட்டால் உள்பக்கமாகப் பிடுங்கிவிட்டு, கிழிசலுக்கு உள்ளே பழைய டயரில் வெட்டிய துண்டு ஒன்றை வைத்து, அதன் பிறகு டியூபைப் போடுங்கள். பையில் ஒரு டியூப், சின்ன குறடு, அந்தத் துணி, டயர்த் துண்டு நான்கும் இருக்கட்டும்.