பழைய பிக்கப்பில் மசி பேர்குசன் 135 எஞ்சின் ஏற்றுவது எப்படி?

வன்னியில் பல கராச்சுகளின் பின்வளவில் ஒரு மசி பேர்குசன் உழவு இயந்திரம் பாதி உடலோடு நிற்கும். கியர்பொக்ஸ் உடைந்திருக்கும், ஹைட்ரோலிக் தூக்காது, ஆனால் எஞ்சின் நன்றாக இருக்கும். பக்கத்திலேயே பெற்றோல் எஞ்சின் செத்துப்போன பழைய பிக்கப் ஒன்றும் நிற்கும். இரண்டையும் சேர்க்கலாமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். சேர்க்கலாம். இரணைமடுப் பக்கத்து வயல்களிலிருந்து நெல்மூட்டை ஏற்றிவர அருமையான வண்டி கிடைக்கும். ஏ9 வீதியில் மற்ற வாகனங்களை முந்திப்போக அது உதவாது. அதை ஏற்றுக்கொண்டால் தொடர்ந்து வாசியுங்கள்.

எஞ்சினும் வண்டியும்

135 இல் இருப்பது பேர்க்கின்ஸ் 3.152: மூன்று சிலிண்டர், 2.5 லீற்றர், 45 குதிரைவலு அளவு. பிந்திய மசி பேர்குசன் 35 களிலும் இதே குடும்ப எஞ்சின்தான். தொடக்ககால டீசல் 35 களில் வந்தது நான்கு சிலிண்டர் ஸ்ராண்டர்ட் எஞ்சின். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது. ஆகவே வாங்கமுதல் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களை எண்ணிப் பாருங்கள், சிலிண்டருக்கு ஒன்று.

முடிந்தால் எஞ்சின் உழவு மிசினில் பூட்டியிருக்கும்போதே ஓடவிட்டுச் சோதியுங்கள். நன்றாகச் சூடான பிறகு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக்கூடாது. ஓடுகிற நல்ல உழவு இயந்திரத்தை இதற்காகக் குலைக்கவேண்டாம். அதன் இடம் வயல்.

பிக்கப்புக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இருக்கவேண்டும். எஞ்சின் மட்டும் இருநூறு கிலோ அளவு வரும். மொறிஸ் மைனர் போன்ற சிறிய வண்டிகளின் முன்பகுதி அதைத் தாங்காது.

வேகக் கணக்கு

பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் போகும். இந்த எஞ்சினுக்கு 2250 தான் எல்லை. டிபரன்சல் விகிதம் 4.1, ரயரின் சுற்றளவு 2.1 மீற்றர், மேல் கியர் நேர் கியர் (ஒன்றுக்கு ஒன்று) என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 சுற்றை 4.1 ஆல் வகுத்தால் 488. அதை 2.1 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 1024 மீற்றர், அதாவது மணிக்கு 61 கிலோமீற்றர். டிபரன்சலை 3.5 க்கு மாற்றினாலோ, ஐந்தாம் கியர் 0.85 உள்ள கியர்பொக்ஸைப் போட்டாலோ 72 வரை ஏறும்.

டீசல் பம்பின் உச்சவேகத் திருகைத் திருகி வேகம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிஸ்டன் மேலிருந்து கீழே ஒருமுறை போகும் தூரம் 127 மி.மீ. 2250 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 9.5 மீற்றர், 3000 சுற்றில் 12.7. பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட்டின் பொல்ட்டுகள் அதற்காகச் செய்யப்படவில்லை.

கழற்றுதல்

உழவு இயந்திரத்துக்குச் சேசிஸ் இல்லை. எஞ்சினே அதன் முதுகெலும்பு. முன் அச்சு எஞ்சினில்தான் தொங்குகிறது. ஆகவே பின்பகுதியைக் கிளச் ஹவுசிங்குக்குக் கீழே ஸ்ராண்ட் வைத்துத் தாங்குங்கள், பின் சில்லுகளுக்குக் கட்டை போடுங்கள். செயின் புளொக்கால் எஞ்சினின் பாரத்தை எடுத்த பிறகே பொல்ட்டுகளைத் தொடவேண்டும். மரக்கிளையை நம்பாதீர்கள், தடித்த இரும்புக் குழாயில் முக்காலி கட்டுங்கள்.

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைத்தல்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான். இதை அவசரப்பட்டுச் செய்த வண்டியில் கிளச்சும் கியர்பொக்ஸ் பெயரிங்கும் திரும்பத் திரும்பப் போகும்.

பிக்கப்பின் கியர்பொக்ஸையும், கிளச்சை மூடும் கூடான பெல்ஹவுசிங்கையும் வைத்துக்கொள்கிறோம். பெல்ஹவுசிங்கின் பொல்ட் துளைகள் எஞ்சினின் பின்தட்டில் உள்ள துளைகளோடு பொருந்தா. நடுவில் 16 முதல் 20 மி.மீ. தடிப்பில் ஓர் இரும்புத் தட்டு வேண்டும். இரண்டு பக்கத்தையும் தடித்த மட்டையில் அச்செடுத்து, கடைச்சல் பட்டறையில் கொடுத்து வெட்டுவியுங்கள். ஸ்ரார்ட்டர் நிற்கும் இடத்தில் பெல்ஹவுசிங் இடிக்குமா என்று அப்போதே பாருங்கள்.

துளைகளை முதலில் சற்றுப் பெரிதாகவே போடுங்கள். தட்டையும் வெறும் பெல்ஹவுசிங்கையும் எஞ்சினில் மெல்லிதாக இறுக்கி, எஞ்சினின் பின்முனையில் சுற்றும் பாரச்சில்லான பிளைவீலில், நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜைப் பூட்டுங்கள். அதன் முள் பெல்ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொடட்டும். எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முள்ளின் மொத்த அசைவு 0.25 மி.மீ.க்குள் வரும்வரை பெல்ஹவுசிங்கைத் தட்டித்தட்டி நகர்த்துங்கள். அரை நாள் போனாலும் பரவாயில்லை. சரியான இடம் வந்ததும் இறுக்கி, தட்டின் இரு பக்கத்துக்கும் இரண்டிரண்டு இரும்பு முளை (டவல் பின்) அடித்துவிடுங்கள். அடுத்தமுறை கழற்றிப் பூட்டினாலும் அதே இடத்தில் வந்து உட்காரும்.

பிளைவீலின் முகத்தைக் கடைந்து, கிளச் தட்டை அழுத்தும் பிக்கப்பின் பிறஷர் பிளேற்றுக்குப் புதுத் துளை போடவேண்டும். கிளச் தட்டின் நடுப்பற்கள் பிக்கப் கியர்பொக்ஸின் தண்டுக்குப் பொருந்தவேண்டும். அந்தத் தண்டின் நுனி உட்கார ஒரு வெண்கலப் புஷ் கடைந்து போடுங்கள். பிளைவீலைக் கடைந்தால் பலன்ஸ் பார்க்காமல் பூட்டவேண்டாம்.

கடைசியாகக் கியர்பொக்ஸைத் தள்ளும்போது அது கைப்பலத்தில் முழுதாக உள்ளே போகவேண்டும். மிச்ச இடைவெளியைப் பொல்ட்டால் இழுத்து மூடினால் ஏதோ ஒன்று உடையும்.

வண்டிக்குள் இறக்குதல்

மூன்று சிலிண்டர் எஞ்சின் முன்னும் பின்னுமாக ஆடும். உழவு இயந்திரத்தின் பாரம் அதை விழுங்கிவிடும், பிக்கப் விழுங்காது. டீசல் வண்டிகளின் மென்மையான ரப்பர் மவுண்டுகளைத் தேடிப் போடுங்கள். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடித்தால் சட்டத்தை வெட்டாதீர்கள். எஞ்சினைப் பின்னே தள்ளுங்கள் அல்லது சம்ப்பை மாற்றிச் செய்யுங்கள். மாற்றினால் ஒயில் உறிஞ்சும் வலை அடித்தட்டுக்குக் கிட்ட முன்பிருந்த அதே உயரத்தில் நிற்கவேண்டும். முன் வில்லுகளுக்கு ஒரு தகடு கூட்டுங்கள்.

பிரேக், எரிபொருள்

பிக்கப்பில் பிரேக் பூஸ்டர் இருந்தால் கவனம். பெற்றோல் எஞ்சினின் உறிஞ்சல்தான் அதை வேலை செய்ய வைத்தது. டீசலில் அந்த உறிஞ்சல் இல்லை. வாக்குவம் பம்ப் சேர்ந்த ஓல்ரனேற்றரை ஜப்பான் டீசல் வண்டிகளின் பழைய பாகக் கடைகளில் வாங்கிப் பூட்டினால் பிரேக்கும் சார்ஜும் சேர்ந்தே சரியாகும். இது இல்லாமல் வண்டியை வீதிக்கு எடுக்கவே கூடாது.

பெற்றோல் தாங்கியை நன்றாகக் கழுவுங்கள், அதில் வெல்டிங் வைக்காதீர்கள். இன்ஜெக்டரிலிருந்து மிஞ்சும் டீசல் தாங்கிக்குத் திரும்ப ஒரு குழாய் வேண்டும். எஞ்சினை நிறுத்த ஒரு இழுவைக் கம்பி, காற்றுக்கு நல்ல பில்டர். செம்மண் புழுதியில் பில்டர் இல்லாவிட்டால் சிலிண்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

முதல் ஸ்ரார்ட்

டீசல் பில்டர், பம்ப், இன்ஜெக்டர் நட்டு என்ற ஒழுங்கில் டீசல் குழாய்களுக்குள் நிற்கும் காற்றை எடுங்கள். டீசல் சீறும் இடத்தைக் கையால் தடவாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும். காற்று வரும் வாயை மூட ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். எஞ்சின் கட்டுமீறி ஏறினால் அதுதான் வழி. ஒயில் அழுத்தம் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

அப்புறம் வண்டியின் பதிவுப் புத்தகம். எஞ்சின் இலக்கமும் எரிபொருளும் மாறுகின்றன, அதனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தவேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். என்னென்ன தேவை என்று வெட்டத் தொடங்கமுதலே கேட்டுக்கொள்வது நல்லது. வருட லைசன்ஸுக்குப் புகைப் பரிசோதனையும் உண்டு, ஆகவே இன்ஜெக்டர் நொசில்களை முன்கூட்டியே சோதிப்பியுங்கள்.

ஏ9 வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகமுதல், பாரம் ஏற்றாமல் உள்வீதியில் ஒரு 50 கிலோமீற்றர் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் மவுண்ட், இணைப்புத் தட்டு, பெல்ஹவுசிங் பொல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சில தளர்ந்திருக்கலாம்.