தில்லிக் குளிரும் கெண்டைக்கால் அரிப்பும்

தில்லியில் ஸ்வெட்டர் வெளியே வந்ததும் எனக்குக் கெண்டைக்காலில் அரிப்பும் வந்துவிடும். சொறிந்தால் மாவு உதிர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு. மார்கழியில் மலை மந்திர் முருகன் கோயிலில் நின்றபடி வேட்டிக்கு மேலேயே சொறிந்துகொண்ட அவஸ்தையும் உண்டு. வயதானால் தோலில் எண்ணெய்ப் பசை குறையும். கீஸர் நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மிச்சமும் போய்விடும்.

வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் குளியுங்கள். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் போதும். அப்புறம்தான் முக்கியம்: துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். காய்ந்த தோலில் தடவுவதற்கும் இதற்கும் ஏக வித்தியாசம். ஜனவரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகிவிடும். அகன்ற வாய் டப்பாவில் வைத்தால் ஸ்பூனால் சுரண்டி உள்ளங்கைச் சூட்டிலேயே உருக்கலாம். வாசனை லோஷன் எனக்கு எரிச்சலைத்தான் கூட்டியது. தடவுவது அறையில், நாற்காலியில் உட்கார்ந்து. குளியலறைத் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் வழுக்கும்.

இரண்டு வாரமாகியும் அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறிலும் அரிப்பு வரும்.