விபத்து கேஸுக்கு முதல் வாரத்திலேயே சேர்க்க வேண்டிய காகிதங்கள்

தருமபுரியில் பெரும்பாலும் விபத்து வழக்குகளே பார்க்கும் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தா. கேஸ் கட்டு முதலில் வருவது என் மேஜைக்குத்தான். வருகிறவர்கள் எல்லாரும் "எவ்வளவுண்ணா கிடைக்கும்?" என்று ஆரம்பிப்பார்கள். நான் "ஏ.ஆர். காப்பி இருக்கா?" என்பேன்.

ஏ.ஆர். என்பது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. அடிபட்டவரைக் கொண்டுபோனதும் டூட்டி டாக்டர் "என்ன ஆச்சு?" என்று கேட்டு எழுதுவது. கூடப் போன மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ, போலீஸ் அலைச்சல் வேண்டாமே என்று "வண்டியிலேருந்து தவறி விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுவார். பத்து நாள் கழித்து, லாரி மோதியதாகப் புகார் கொடுப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும், குறுக்கு விசாரணை முழுவதையும் அதை வைத்தே ஓட்டிவிடுவார். அதனால் எந்த வண்டி, என்ன நம்பர், எந்தப் பக்கமிருந்து வந்து இடித்தது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லுங்கள். நம்பர் தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத வாகனம்" என்றாவது பதிவாக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தவரைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் அவர் கிளம்பிப் போகலாம். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த வண்டியைச் சுற்றிக் கூட்டமாக நின்று செல்போனில் படம் பிடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். புகார் கொடுத்தவருக்கு இலவச நகல் உண்டு. கையெழுத்துப் போடுமுன் தேதி, நேரம், இடம், வண்டி எண் நான்கையும் வாசித்துப் பாருங்கள். அப்புறம் ஸ்டேஷனில் பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, மோதிய வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நகல்கள். 2022 விதிகளின்படி போலீஸே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, இழப்பீட்டுக் கேஸை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று போய்க் கேளுங்கள், கேட்டால்தான் நடக்கும்.

பென்னாகரம், அரூர் பக்கத்து ஆட்கள் பெங்களூரு கட்டட வேலைக்குப் போய் அங்கே அடிபடுவது எங்களுக்கு வாடிக்கை. "கேஸையும் அங்கேதான் நடத்தணுமா?" என்று பயந்துகொண்டு வருவார்கள். வேண்டியதில்லை. விபத்து நடந்த ஊர், அடிபட்டவர் குடியிருக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், இதில் எங்கே வேண்டுமானாலும் மனு போடலாம் என்று 166(2) பிரிவு சொல்கிறது. ஆனால் அங்கத்து காகிதங்கள் கன்னடத்தில் இருக்கும், மொழிபெயர்ப்பு வேண்டும். ஊர் திரும்புமுன் கேஸ் ஷீட், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பிறகு ஒரு முத்திரைக்காக ஒசூர் தாண்டிப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும்.

கூலி என்றதும், வருமானத்துக்கு என்ன ஆதாரம்? கொத்தனாருக்கு யார் சம்பளச் சீட்டு தருகிறார்கள்? மேஸ்திரியின் வாரக்கணக்கு நோட்டு, ஜி-பே வரவு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, இவையெல்லாம் சாட்சிதான். மேஸ்திரியே கூண்டில் ஏறிச் சொன்னால் இன்னும் பலம்.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வயது 32, மாதம் 12,000 ரூபாய். நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 16,800. உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த பட்டியல்படி 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16. மெடிக்கல் போர்டு கால் ஊனம் 30 சதவீதம் என்று சான்று கொடுத்தால், 16,800-ஐ 12 மாதத்தாலும் 16-ஆலும் பெருக்கி அதில் 30 சதவீதம் எடுக்க, வருமான இழப்பு 9,67,680 ரூபாய். ஆனால் இந்த ஆள் இனிமேல் சாரம் ஏற முடியாது. உடலில் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அந்த ஊனம் அவர் பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்று பார்க்கச் சொல்லி 2010-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பிழைப்பில் பாதி போனது என்று தீர்ப்பாயம் ஏற்றால் அதே கணக்கு 16,12,800 ஆகிறது. டாக்டரும் மேஸ்திரியும் சொல்லும் சாட்சியில்தான் இந்த வித்தியாசம் வருகிறது.

மனு போடக் காலக்கெடு ஆறு மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் இது அமலில் இருக்கிறது. இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய், கடைசி வரை கண்டுபிடிக்கவும் முடியாவிட்டால், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். இதற்கு வக்கீலே தேவையில்லை. நானே சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸிலிருந்து கரும்பு வெட்டும் பருவத்துக்கு முன்னால் அரூர், பாலக்கோடு பக்கம் போய் டிராக்டர் டிரெய்லர்களின் பின்னால் சிவப்பு ஒளி ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். அப்போது ஊர்க்காரர்களிடம் நான் தவறாமல் சொல்வது குட்டி யானை விஷயம். துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் அதில் ஆளை ஏற்றிப் போகிறோமே, அது சரக்கு வண்டி. சும்மா ஏறிப் போனவருக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பாகாது என்று 2003-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. வண்டி ஓனரிடம்தான் கேட்க வேண்டும், அவரே கடனில் வண்டி வாங்கியிருப்பார். அதே வண்டியில் தன் தக்காளிப் பெட்டிகளோடு ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகிற விவசாயி சரக்கின் உரிமையாளர், அவருக்கு உண்டு. மண்டிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்பது அதனால்தான்.

வார்டில் கட்டில் பக்கம் வந்து நின்று "நம்ம வக்கீல்கிட்ட கொடுங்க, வர்றதுல இவ்வளவு சதவீதம்" என்று பேசுகிறவரை அனுப்பிவிடுங்கள். வக்கீல் ஆள் விட்டுக் கேஸ் பிடிப்பதும், தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி தவறு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துத் தருவதற்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது.

கடைசியாக, பேங்க் பாஸ்புக். பணம் கணக்குக்குத்தான் வரும். சின்னப் பிள்ளைகளின் பங்கை 18 வயது வரை வைப்பில் போடச் சொல்வார்கள். ஆதாரில் "முனியம்மாள்", பாஸ்புக்கில் "முனியம்மா" என்று இருந்தால் இப்போதே போய்த் திருத்திக்கொண்டு வாருங்கள்.