அப்டேட்டுக்குப் பிறகு எழும்பாத கொம்பியூட்டர்: போர்மட் அடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைக்கு வேலை பழக வரும் பெடியன்களும் சரி, மாமா சித்தப்பாவின் லெப்டொப்பை வீட்டிலேயே திருத்திக் கொடுக்கும் பெடியன்களும் சரி, ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடும் போர்மட்டில். நாங்கள் பழகிய காலத்தில் சறுக்கிய அதே இடம். ஆனால் அப்போது சறுக்கினாலும் எப்படியோ எழும்பிவிடலாம், இப்போது முடியாது. ஏன் என்று கீழே வருகிறது. பிளக் குத்தியிருக்கிறதா, மொனிட்டர் வயர் கழன்றிருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை, அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள்.

உடனே அப்டேட்டைக் குற்றவாளி ஆக்குவது

"நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, அப்டேட் வந்துதான் பழுதாக்கிப் போட்டுது" என்று சொல்லாத ஆள் கிடையாது. பாதி நேரம் அது உண்மையும் இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக நிற்பதில்லை, கேர்னலின் (விண்டோஸின் அடிப்படைப் பகுதி) நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அங்கிருந்தே எழும்பும். ஆக வாரக்கணக்கில் முழுமையான பூட் (அடியிலிருந்து எழும்புவது) என்று ஒன்றே நடந்திருக்காது. அப்டேட் வந்து ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான் மெஷின் அடியிலிருந்து எல்லாவற்றையும் படிக்கிறது, அதோடு டிஸ்க் முழுக்க ஆயிரக்கணக்கான கோப்புகளை எழுதவும் செய்கிறது. ஏற்கனவே சாகக் கிடந்த டிஸ்க் அன்றைக்குத்தான் காட்டிக் கொடுக்கும்.

எங்கள் ஊரான திருகோணமலையில் இதோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. டொக்யார்ட் வீதி, உப்புவெளி, நிலாவெளி என்று கடலைப் பார்த்தபடி ஜன்னல் திறந்திருக்கும் வீடுகளில் இருந்து வரும் டெஸ்க்டொப்பைத் திறந்தால் கேஸ் ஆணிகள் துருவேறி, ரேமின் பொன்னிறக் கால்களில் மங்கலாக ஒரு படலம் படிந்திருக்கும். வயரைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, அந்தக் கால்களைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூள் தட்டித் திரும்பக் குத்தினால் அப்டேட் "பழுதாக்கிய" மெஷின் பேசாமல் எழும்பும். அப்புறம், குத்திய பென் டிரைவ், வெளி ஹாட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். பூட் வரிசையில் பென் டிரைவ் முன்னுக்கு இருந்தால் அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கும் மெஷின்கள் உண்டு.

அவசரப்பட்டு பவர் பட்டன்

வட்டம் சுற்றுகிறது, டிஸ்க் லைட் மினுங்குகிறது என்றால் விடுங்கள். பழைய சுழலும் ஹாட் டிஸ்க்கில் பெரிய அப்டேட் மணித்தியாலக் கணக்கில் ஓடும்.

போர்மட் அடிப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் துணைக்கு.

பூட் ஆகாத மெஷினைக் கண்டதும் எங்கள் பெடியன்களுக்குக் கை தானாகவே விண்டோஸ் பென் டிரைவைத் தேடுகிறது. "விண்டோஸ் அடிச்சா சரி அண்ணா." சரிதான், விண்டோஸ் வரும். அந்த மனிதரின் பிள்ளைகளின் படங்கள் வராது. அப்டேட் உடைப்பது பெரும்பாலும் எழும்பும் வழியைத்தான்: ஒரு டிரைவர், ஒரு பூட் பதிவு, பாதியில் நின்ற ஒரு நிறுவல். உள்ளே இருக்கும் கோப்புகள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். வள்ளத்தின் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காகப் பிடித்த மீனைக் கடலில் கொட்டுகிறவர் யாராவது இருக்கிறாரா? 

2024 ஜூலை 19 ஆம் திகதி உலகம் முழுக்க விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் நீலத் திரையோடு நின்றது நினைவிருக்கும். அது விண்டோஸ் அப்டேட் அல்ல, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு அப்டேட். ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகள் விழுந்தன. அதற்கான மருந்து என்ன? சேஃப் மோடில் (அவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும்பும் முறை) போய் ஒரேயொரு கோப்பை அழிப்பது. அவ்வளவு பெரிய விழுகைக்கே போர்மட் தேவைப்படவில்லை.

நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்தும் ஐயா ஒருவர் லெப்டொப்பைக் கொண்டுவந்தார். ஏப்ரல் மாதம், கிழக்குக் கடல் அமைதியாகி வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கும் சீசனுக்குக் கொஞ்சம் முன்னால். அந்த வருசத்து முன்பதிவுகள், யார் எவ்வளவு முற்பணம் கட்டினார், கணக்குகள் எல்லாம் டெஸ்க்டொப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்ததாம். இரவு அப்டேட் ஆகியிருக்கிறது, காலையில் நீலத் திரையில் நீளமான ஒரு நம்பர் கேட்டிருக்கிறது. மருமகன் கெட்டிக்காரன். நம்பர் தெரியாததால் பென் டிரைவைக் குத்தி, டிஸ்கில் பிரித்திருந்த பார்ட்டிஷன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டிலீட் கொடுத்து, புது விண்டோஸ் அடித்துவிட்டான்.

"இப்ப நல்லா வேலை செய்யுது தம்பி. அந்த ஃபோல்டரை மட்டும் எடுத்துத் தந்தாப் போதும்" என்றார்.

எடுக்க முடியாது. இதைத்தான் பெடியன்கள் விளங்கிக்கொள்கிறார்கள் இல்லை. பழைய ஹாட் டிஸ்க் காலத்தில் போர்மட் அடித்தாலும் மேலே எழுதாத வரைக்கும் ரிகவரி மென்பொருள் போட்டுக் கொஞ்சமாவது மீட்கலாம். அதைக் கேள்விப்பட்டுத்தான் இன்னமும் எல்லோரும் தைரியமாக அடிக்கிறார்கள். சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்கான எஸ்.எஸ்.டி அப்படியில்லை. போர்மட் அடிக்கும்போதே விண்டோஸ் டிரிம் கட்டளையை அனுப்பி, "இந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை" என்று டிஸ்குக்குச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அங்கே படிக்கப் போனால் பெரும்பாலும் வெறும் பூச்சியம்தான் கிடைக்கும். அது போதாதென்று இப்போதைய லெப்டொப்களில் டிஸ்கைச் சாவி போட்டுப் பூட்டும் என்கிரிப்ஷன் தானாகவே ஓடுகிறது. மைக்ரோசொப்ட் கணக்கோடு லொகின் ஆன புது லெப்டொப்பில், யாரும் கேட்காமலே டிஸ்க் முழுதும் பூட்டப்பட்டிருக்கும். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு இது இன்னும் பரவலாகிவிட்டது. பூட்டிய டிஸ்கைப் போர்மட் அடித்தால் சாவியின் விபரமும் சேர்ந்தே போகும். அதன் பிறகு கொழும்புக்கு அனுப்பினாலும் சிங்கப்பூருக்கு அனுப்பினாலும் காசுதான் செலவு.

அந்த ஐயாவிடம் திரை கேட்ட நம்பர், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கரின் ரிகவரி கீ, அதாவது சாவி. 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. சில அப்டேட்டுகளுக்குப் பிறகு மெஷின் திடீரென்று இதைக் கேட்கும். 2024 ஜூலை மாத விண்டோஸ் அப்டேட் அப்படிக் கேட்க வைத்தது, 2025 மே மாதம் விண்டோஸ் 10 க்கு வந்த அப்டேட்டும் சில மெஷின்களில் அதே வேலையைச் செய்தது. பழுது ஒன்றுமில்லை. சாவியைக் கொடுத்தால் கதவு திறக்கும், அவ்வளவுதான்.

சாவி எங்கே? லெப்டொப்பை முதன்முதலில் எந்த மைக்ரோசொப்ட் கணக்கில் லொகின் செய்தார்களோ அந்தக் கணக்கில். போனில் அந்தக் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் பார்த்தால் ரிகவரி கீ இருக்கும். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை அங்கே உள்ளதோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அந்த விடுதி லெப்டொப்பை விற்ற கடையில், "எல்லாம் செட் பண்ணித் தருகிறோம்" என்று தங்கள் கடை ஈமெயிலிலேயே லொகின் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஐயாவுக்கு மைக்ரோசொப்ட் கணக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது. சாவி அந்தக் கடையின் கணக்கில் பத்திரமாக இருந்திருக்கும், ஒரு கோல் எடுத்திருந்தால் வாங்கியிருக்கலாம், மருமகன் பார்ட்டிஷன்களை அழிக்கும் வரைக்கும். கணினி விற்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வாங்குகிறவரின் கணக்கில் போடுங்கள், கணக்கு இல்லையென்றால் திறந்து கொடுங்கள், கீயை ஒரு கடதாசியில் பிரின்ட் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். பெரிய வேலையில்லை.

இதே திரையோடு கிண்ணியாவிலிருந்து ஒரு ஆசிரியர் வந்தார். நல்ல காலம், அவர் எதையும் தொடவில்லை. அவருக்கும் கணக்கு ஞாபகமில்லை. விசாரித்துப் பார்த்தால் லெப்டொப்பை முதலில் திறந்தது யாழ்ப்பாணத்தில் படிக்கும் மகள். கோல் எடுத்தோம், மகள் அங்கிருந்து இலக்கங்களை வாசிக்க நான் இங்கே அடித்தேன். ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11 ஆல் மீதியின்றிப் பிரிபடும்படிதான் அந்தக் கீ அமைந்திருக்கிறது, அதனால் எங்காவது ஒரு இலக்கம் பிழைத்தாலும் அந்தத் தொகுதியிலேயே பிடிபட்டுவிடும். போனில் கேட்டு அடிப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. தேநீர் ஆறுவதற்குள் லெப்டொப் எழும்பிவிட்டது.

"பரவாயில்லை, முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கிறது" என்று கஸ்டமர் சொன்னாலும் நம்பாதீர்கள். டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், டொகியூமென்ட்ஸ் எல்லாம் சி டிரைவில்தான். வட்ஸ்அப்பில் வந்து சேமித்ததும் டவுன்லோட்ஸில்தான் கிடக்கும். "கீப் மை ஃபைல்ஸ்" கொடுத்து ரீசெட் செய்தாலும் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும், கணக்கு மென்பொருள் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும் தரவும் அதோடு போகலாம்.

அப்போ என்ன செய்வது

விண்டோஸ் லோகோ வரும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துவதை இரண்டு மூன்று தரம் செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். (மேலே அழுத்தாதே என்றேன், இப்போது அழுத்து என்கிறேன். அப்டேட் ஓடுகிற நேரத்தில் அழுத்துவது வேறு, எழும்பவே மாட்டேன் என்று நிற்பதை அழுத்துவது வேறு.) அங்கே அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள் "அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்" இருக்கிறது. மாதாந்த அப்டேட் என்றால் குவாலிட்டி அப்டேட்டை எடுக்க வேண்டும், பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ஃபீச்சர் அப்டேட்டை. பெரிய பதிப்பிலிருந்து திரும்பிப் போக வழக்கமாக 10 நாள்தான் அவகாசம், அதனால் "பிறகு பார்க்கலாம்" என்று மூலையில் வைக்க வேண்டாம்.

அதுவும் சரிவராவிட்டால் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். இதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு: ரிப்பேர் திரையில் கமாண்ட் புரொம்ப்டைத் திறந்து நோட்பேட் என்று அடியுங்கள். நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓபன் கொடுத்து, கீழே "ஓல் ஃபைல்ஸ்" என்று மாற்றினால் டிஸ்க் முழுதும் தெரியும்; வலது கிளிக்கில் கொப்பி எடுத்து வெளி டிஸ்கில் பேஸ்ட் செய்யலாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும். இல்லையென்றால் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பென் டிரைவில் பூட் செய்து எடுக்கலாம், அல்லது எஸ்.எஸ்.டியைக் கழற்றி வேறு மெஷினில் குத்தலாம். பூட்டிய டிஸ்க் என்றால் எங்கே குத்தினாலும் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.

கோப்புகள் வெளியே வந்த பிறகு நீங்கள் போர்மட் அடித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

சி டிரைவ் என்று நம்பி கமாண்ட் அடிப்பது

ரிப்பேர் திரைக்குள் டிரைவ் எழுத்துகள் மாறலாம். உங்கள் விண்டோஸ் அங்கே டி ஆகவோ ஈ ஆகவோ இருக்கலாம். உள்ளே என்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று பார்த்து உறுதி செய்த பிறகுதான் விண்டோஸ் கோப்புகளைத் திருத்தும் எஸ்.எஃப்.சி, டிஸ்ம் கட்டளைகள் எல்லாம். எஸ்.எஃப்.சியை வெறுமனே ஓடவிட்டால் உங்கள் விண்டோஸை அது பார்க்காது, எந்த டிரைவில் விண்டோஸ் இருக்கிறது என்று கட்டளையிலேயே சொல்ல வேண்டும்.

முனகும் டிஸ்கில் செக் டிஸ்க்

டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது, ஃபோல்டர் திறக்க நிமிசக் கணக்கில் எடுக்கிறது என்றால் டிஸ்கைப் பரிசோதிக்கும் செக் டிஸ்க் கட்டளையைப் போடாதீர்கள். சாகப் போகிற டிஸ்கை அது மூலைமுடுக்கெல்லாம் ஓடவைக்கும். முதலில் கொப்பி, பிறகுதான் பரிசோதனை.

பயோஸுக்குள் விளையாடுவது

பயோஸ் என்பது விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் மென்பொருள். யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று போர்டில் உள்ள சீமோஸ் பற்றரியைக் கழற்றி அதன் அமைப்புகளை ரீசெட் செய்வார்கள். அதோடு டிஸ்கோடு பேசும் கன்ட்ரோலரின் மோட் மாறிப்போகலாம்: ஏ.எச்.சி.ஐ மோடில் நிறுவிய விண்டோஸ் இப்போது ரெய்ட், வி.எம்.டி என்ற வேறு மோடில் எழும்பப் பார்க்கும், "இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்று நிற்கும். ஒரு பழுதோடு வந்த மெஷினுக்கு இரண்டு பழுது. தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

டி.பி.எம் கிளியர்

டி.பி.எம் என்பது பிட்லொக்கர் நம்பியிருக்கும் பாதுகாப்பு சிப். ரிகவரி கீ கையில் இல்லாமல் அதைக் கிளியர் பண்ண வேண்டவே வேண்டாம்.

லினக்ஸ்காரருக்கு

மெஷின் எழும்பும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய கேர்னலைத் தெரிவு செய்யுங்கள். எழும்பியதும் பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்டை நம்பி அப்டேட் போடுவது

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனது. அப்படியான நாளில் டெஸ்க்டொப்பில் பயோஸ் அப்டேட் பாதியில் நின்றிருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றாலாவது ரிப்பேர் திரை இருக்கிறது, பயோஸ் பாதியில் நின்றால் பல போர்டுகளில் திரையே வராது, சிப்பைக் கழற்றி எழுத வேண்டும். மாரி தொடங்கி இடி மின்னல் இருக்கிற பின்னேரங்களில் அந்த வேலையே வேண்டாம். லெப்டொப் என்றால் பற்றரி பாதிக்கு மேல் இருந்து சார்ஜரும் குத்தியிருக்க வேண்டும். டெஸ்க்டொப் என்றால் யூ.பி.எஸ், அதுவும் பற்றரி செத்துப் பீப் அடித்துக்கொண்டு மேசைக்கடியில் கிடக்கும் யூ.பி.எஸ் அல்ல.