வலையில் ஆமை ஏறினால் செய்யக் கூடாதவை

துடுப்புக் காலைப் பிடித்து ஆமையைத் தூக்கக் கூடாது என்பது பினாங்கின் மீனவர் ஊரான தெலுக் பஹாங்கில் முதல் நாள் படகேறும் பையனுக்கும் தெரியும். தெரிந்தவர்களே செய்யும் தவறுகள் வேறு.

நேரத்தைத் தப்பாக எண்ணுவது

வலை அடியைத் தொட்ட நேரத்திலிருந்து எண்ணுவது இழுவலைக்காரர் வழக்கம். ஆமைக்கோ வலைவாயை விரிக்கும் பலகை தண்ணீரில் இறங்கியதும் மூச்சுக்கணக்கு தொடங்கிவிடுகிறது; பலகை மேலே வந்தால்தான் முடியும். அமெரிக்காவில் டெட் (TED) கருவி, அதாவது ஆமையைத் தடுத்து வலையின் வாசல் வழியே வெளியேற்றும் கம்பிச் சட்டம், இல்லாத சில இறால் படகுகளுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 55 நிமிடம், மற்ற மாதங்களில் 75 நிமிடம் என்ற வரம்பும் இப்படித்தான் அளக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் இழுவையில்தான் சாவு கடகடவென ஏறும்.

டெட் வாசலின் மடலைக் கட்டிவிடுவது

அப்புறம் அந்தக் கம்பிச் சட்டம் எதற்கு?

அசையாத ஆமையைக் கடலில் வீசுவது

எரிச்சலூட்டுவது இதுதான். வலையின் கடைசிப் பையான மடியை அவிழ்த்ததும் கூனி, நண்டு, குப்பையோடு ஆமையும் விழுகிறது. கழுத்து தொங்குகிறது, துடுப்பு துவண்டு கிடக்கிறது. தெக்கோங் (படகுத் தலைவர்) அடுத்த வலைக்கு அவசரப்படுகிறார். ஒரு சிகரெட் அணைவதற்குள் "செத்துப்போச்சு" என்று தீர்ப்பாகி, தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் அது சாகவில்லை, மயங்கிக் கிடக்கிறது. வலையில் முட்டிமோதியதில் உடம்பிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்து, இதயத்துடிப்பு மிக மெதுவாகியிருக்கும். அந்த நிலையில் கடலில் போட்டால் தலையைத் தூக்க முடியாமல் மூழ்கும். உண்மையாகவே சாவது அப்போதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவு. வயிறு கீழே இருக்கும்படி கிடத்துங்கள். பின்பக்கத்தை மீன்பெட்டி, பழைய டயர், எது கிடைத்தாலும் வைத்துக் குறைந்தது 15 செ.மீ. உயர்த்துங்கள், ஆமை பெரிதானால் இன்னும் உயரமாக. நுரையீரலில் இருக்கும் தண்ணீர் வாய்வழியே வடியும். ஓட்டின் ஓரத்தைப் பிடித்து, ஒரு பக்கம் சுமார் 8 செ.மீ. தூக்கி இறக்கி, பிறகு மறுபக்கம் என்று அவ்வப்போது மெல்ல ஆட்டுங்கள். நிழலில் வைத்து, ஓடு, கழுத்து, துடுப்பு மேல் ஈரத் துணி போடுங்கள். மூக்குத் துளைகளை மூடாதீர்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி உள்ளே விடும் புத்திசாலித்தனம் வேண்டாம், அங்கேயும் மூழ்கும்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கண் இமையையோ வாலையோ லேசாகத் தொடுங்கள். சுருங்கினால் உயிர் இருக்கிறது. எதுவும் அசையாவிட்டாலும் 24 மணி நேரம் வரை பொறுக்க வேண்டும். உடல் விறைத்தாலோ அழுகத் தொடங்கினாலோ மட்டும் செத்தது என்று சொல்லலாம்.

பினாங்கின் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் முட்டையிட ஏறும் பச்சை ஆமை அந்த வயதுக்கு வர 20 ஆண்டுக்கு மேல் ஆகும்.

மல்லாக்கப் போட்டு வயிற்றை அமுக்குவது

பழைய ஆட்கள் சொல்லித்தந்த வைத்தியம். நுரையீரல் இருப்பது ஓட்டின் அடியில், முதுகுப்பக்கம். மல்லாந்தால் குடலின் கனம் அதன்மேல் இறங்கும்.

விழுங்கிய தூண்டிலைப் பிடுங்குவது

தொண்டை கிழியும். தூண்டில் நரம்பைப் பிடித்து ஆமையை உயர்த்தாமல், அந்த நரம்பை முடிந்தவரை வாய்க்கு அருகில் வெட்டிவிடுங்கள். மீட்டர் கணக்கில் நரம்பை விட்டால் அது குடலுக்குள் போய்ச் சுருக்கிவிடும்.

எஞ்சின் ஓட விட்டு இறக்குவது

கியரை நியூட்ரலில் போடுங்கள், வலை தண்ணீரில் இருக்கக் கூடாது. தலை முதலில் போகும்படி, தாழ்ந்த பக்கத்திலிருந்து மெல்ல நழுவ விடுங்கள். அது நீந்தி விலகியது கண்ணில் பட்ட பிறகே கியர்.