நாளைக்கு உறைபனி விழுமா? தை, மாசியில் நான் வானிலை அறிக்கை பார்க்கும் முறை

நீலகிரி மலையில், கேத்தி பாலாடாவில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் தோட்டம். ஓடையை ஒட்டிய கீழ்ப்பாத்திகளில் கேரட், உருளைக்கிழங்கு. மேட்டில் கொஞ்சம் தேயிலை. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே நீர்போகக் கிழங்கு நடுவோம். மழை இல்லாத காலம், பாய்ச்சுகிற தண்ணீரில்தான் பயிர் வரவேண்டும். உறைபனி விழும் காலத்தில் அந்த இரண்டு மாதமும் அடங்கும். அதனால் இந்த நாட்களில் வானிலை அறிக்கை பார்ப்பது எனக்கு அடுப்பு பற்றவைப்பது போல அன்றாட வேலை. பதினாறு வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன். புதிதாக மலையில் பயிர் வைக்கிறவர்களுக்கு உதவும் என்று அந்த நோட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

நோட்டு போட்டதற்குக் காரணம் ஒரு நஷ்டம். கல்யாணமாகி வந்த மூன்றாம் வருடம், பிப்ரவரி முதல் வாரம். கிழங்குச் செடி நாலு விரல் உயரம் வந்திருந்தது. ராத்திரி ஏதோ ஒரு இணையதளத்தில் பார்த்தேன், ‘குறைந்தபட்சம் 6 டிகிரி’ என்றிருந்தது. ஆறு டிகிரியில் எங்கே உறையப் போகிறது என்று தூங்கிவிட்டேன். காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் இலை விளிம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளை. வெயில் பட்டதும் அது கரைந்தது. சரி, பாதகமில்லை என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு இலைகள் வேகவைத்த கீரை மாதிரி தொங்கின. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது. மதியத்துக்குள் பாத்தி முழுக்கக் கறுத்துவிட்டது.

மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று மாலை இரண்டு எவர்சில்வர் தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒன்றை வீட்டு வாசலில் வைத்தார், ஒன்றைக் கீழ்ப்பாத்தியில் வைத்தார். இரண்டுக்கும் நடுவே அறுபது அடிகூட இருக்காது. மறுநாள் காலை கீழ்த்தட்டில் கண்ணாடி போல ஐஸ் பிடித்திருந்தது. வாசல் தட்டில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. “நீ பார்த்த நம்பர் வேற எடத்துக்கும்மா. பயிர் பள்ளத்துல இருக்கு” என்றார்.

அன்றைக்கு அந்த இணையதளம் பொய் சொல்லவில்லை. வேறு இடத்து எண்ணை என் பாத்தியின் எண்ணாக நான்தான் எடுத்துக்கொண்டேன். இனி சொல்லப்போகிற எல்லாமே அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்டுபிடிக்கிற வேலைதான்.

முதலில் அறிக்கையில் வரும் வெப்பநிலை எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வானிலை நிலையங்களில் ஸ்டீவன்சன் பெட்டி என்று ஒன்று இருக்கும். வெள்ளை அடித்த மரப்பெட்டி, நாலு பக்கமும் காற்று நுழையும்படி சாய்வான பட்டைகள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரம். வெயிலும் வானமும் நேராகப் படாமல் காற்றின் வெப்பத்தை மட்டும் அளப்பதற்கு அந்த ஏற்பாடு. ஆனால் காற்றில்லாத தெளிந்த இரவில் தரையும் இலையும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும். முதலில் குளிர்வது தரை. அதன்மேல் உள்ள காற்று பிறகுதான் குளிரும். பெட்டிக்குள் 4 டிகிரி இருக்கும்போதே புல் நுனியில் பூஜ்யம் வந்துவிடலாம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்கிறவர்கள் தரையை முதலில் வைத்தது சும்மா இல்லை என்றே எனக்குத் தோன்றும்.

இன்னொன்று பள்ளம். குளிர்ந்த காற்று கனமானது. மேட்டில் குளிர்ந்தது சரிவில் இறங்கி ஓடைப் பக்கம் வந்து தேங்கும், தண்ணீர் மாதிரியே. மேலே போகப் போகக் குளிர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பகலுக்குச் சரி. இப்படிப்பட்ட இரவில் அது தலைகீழாகிவிடும். எங்கள் மேட்டுத் தேயிலை தப்பித்த எத்தனையோ இரவுகளில் கீழ்க் கேரட் தழை வெள்ளையாக நின்றிருக்கிறது. தலைக்குந்தா, காந்தல், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் என்று பனிப் படம் வரும் இடங்களெல்லாம் தாழ்வான, திறந்த இடங்கள்தான்.

அதனால் கருவி வாங்குங்கள். இரண்டு வேண்டும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் தெர்மோமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்றை நாலடி உயரத்தில், வடக்குப் பார்த்த நிழலில், சுவரை ஒட்டாமல் மாட்டுங்கள். சுவர் பகலில் குடித்த சூட்டை ராத்திரியெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும், எண் கெட்டுவிடும். இன்னொன்று ஒயரில் உணரி தொங்கும் டிஜிட்டல் வகை. அந்த உணரியை, பாத்தி இருக்கும் மட்டத்தில், வெட்டிய புல்லுக்கு இரண்டு விரல் மேலே, வானம் தெரியும்படி இரண்டு குச்சிக்கு நடுவே கட்டுங்கள். மேலே எதையும் மூடக் கூடாது.

மாட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள், இதை விடவே விடாதீர்கள். ஐஸை நன்றாக நொறுக்கி ஒரு டம்ளர் நிறையப் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கி, உணரியை நடுவில் வைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். என் முதல் கருவி 1.3 காட்டியது. தூக்கிப் போடவில்லை, அதன் முதுகில் மார்க்கர் பேனாவால் ‘1.3 கழி’ என்று எழுதி இன்றும் வைத்திருக்கிறேன்.

படிக்கும் நேரம் காலை எட்டரை. இந்திய வானிலை ஆய்வு மையம் நாளின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்வது காலை 8.30 மணிக்கு, அதிகபட்சத்தை மாலை 5.30 மணிக்கு. நீங்களும் அதே நேரத்தில் படித்தால்தான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ஐந்து மணிக்கே எழுந்து பார்த்து எழுதிவிட்டால் போதாது. அன்றைய குளிரின் அடிமட்டம் பெரும்பாலும் சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் வரும்.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: அறிக்கையில் வரும் ஊட்டியின் குறைந்தபட்சம், என் நாலடி எண், என் தரை எண், இரவு வானம், காற்று. முப்பது நாள் எழுதினால் இடைவெளி தானாகத் தெரிய ஆரம்பிக்கும். எங்கள் கீழ்ப்பாத்தியில் தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் தரை எண் ஊட்டி எண்ணைவிட நாலரை முதல் ஆறு டிகிரி குறைவு. மேகம் போட்ட இரவுகளில் ஒன்று, ஒன்றரைதான். இது எங்கள் பாத்திக்கு மட்டும். உங்கள் இடத்துக்கு உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

இப்போது அறிக்கைக்கு வருவோம். நான் பார்ப்பது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரித் தமிழ் அறிக்கை. அதில் மூன்று சொற்களைக் கவனிக்கப் பழகினேன். ‘ஓரிரு இடங்களில்’ என்றால், வானிலைக்காரர்கள் கணக்கில், மொத்த இடங்களில் கால் பங்குக்குள். நம்முடையது பள்ளமாக இருந்தால் அந்தக் கால் பங்கில் முதல் இடம் நம்முடையதுதான். அடுத்து ‘இயல்பு’. அது 1991 முதல் 2020 வரையான முப்பது ஆண்டுச் சராசரி. ‘இயல்பை ஒட்டி’ என்றால் அந்தச் சராசரிக்கு மேலும் கீழும் ஒன்றரை டிகிரி வரை அடங்கும். சென்னைவாசிக்கு ஒன்றரை டிகிரி ஒன்றுமில்லை. எங்களுக்கு அது பனித்துளிக்கும் ஐஸுக்கும் உள்ள தூரம். மூன்றாவது ‘வறண்ட வானிலை’. மழை இல்லை என்று மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். ஜனவரியில் தொடர்ந்து நாலு நாள் வறண்ட வானிலை என்றால் வானம் திறந்திருக்கப் போகிறது என்று பொருள், பயிரை மூடும் சாக்குகளை எடுத்து வெளியே வையுங்கள். அதுவே வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கிழக்கிலிருந்து மேகம் என்று வந்தால் அந்த இரண்டு மூன்று இரவும் நிம்மதி. மேகம் தரைக்குப் போர்வை.

செவ்வாயும் வெள்ளியும் விவசாயிகளுக்கான வேளாண் வானிலை அறிக்கை வருகிறது, ஐந்து நாளுக்கு. மேகதூத் ஆப்பில் தமிழிலேயே பார்க்கலாம். எப்போது பாய்ச்சலாம், எப்போது மருந்து அடிக்கலாம் என்பதற்கு எனக்கு அதுதான் துணை.

வண்ணப் படம் காட்டும் ஆப்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். பாருங்கள், ஆனால் அதன் வெப்பநிலை எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கணினிக் கணிப்பு மாதிரிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன: ஐரோப்பிய மாதிரி சுமார் 9 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம், அமெரிக்க மாதிரி சுமார் 13 கிலோமீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டரில் மேட்டுப்பாளையம் சமவெளியில் கிடக்கிறது. அந்தச் சரிவை இரண்டு மூன்று கட்டத்துக்குள் அடக்கினால் எங்கள் ஓடைப்பள்ளம் எப்படித் தெரியும்? நான் அவற்றில் பார்ப்பது மேகம், காற்று வேகம், பனிநிலை இவை மட்டும்தான். நாளைக்கும் மறுநாளைக்கும் நம்பலாம். ஐந்தாவது நாளுக்கு வானம் திறக்குமா மூடுமா என்ற போக்கு மட்டும். அதற்கு மேல் போனால் நான் பார்ப்பதே இல்லை.

பனிநிலை என்பது காற்று எவ்வளவு குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாக மாறும் என்ற அளவு. மாலை ஆறு மணிக்கு அது 8 என்று இருந்தால் நன்றாகத் தூங்கலாம். இரவில் காற்று அந்த அளவுக்கு இறங்கியதும் ஈரம் துளியாகி, மாறும்போது கொஞ்சம் சூட்டை வெளியே விடும்; அதனால் குளிர் இறங்கும் வேகம் மட்டுப்படும். பனிநிலை 1, 0 என்று இருந்தால் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் அடிக்கடி இப்படித்தான் ஆகிறது. பகலில் ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்கு வெயில், காற்றில் ஈரமே இல்லை, ராத்திரி ஒரேயடியாக இறங்கிவிடும். பகல் சூட்டை வைத்து ராத்திரியைக் கணிக்காதீர்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசிச் சோதனை. வாசலில் நின்று பார்ப்பேன்: நட்சத்திரம் கூர்மையாகத் தெரிகிறதா, சில்வர் ஓக் நுனி அசைகிறதா, பக்கத்து வீட்டு அடுப்புப் புகை மேலே போகாமல் பள்ளத்தில் படுக்கிறதா. நட்சத்திரம் தெரிந்து, நுனி அசையாமல், புகையும் படுத்தால் அன்று இரவு உறைபனி என்றே வைத்துக்கொள்வேன்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று மதியமே பாத்தியை நனைத்துவிடுங்கள்; ஈர மண் பகல் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். நாற்றுகளைத் தாகை என்ற மலைச்செடியாலோ சாக்காலோ மாலையிலேயே மூடுங்கள், வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்க்ளர் விடுவதானால் உறைவதற்கு முன்பே தொடங்கி, ஐஸ் முழுக்கக் கரையும் வரை நிறுத்தாமல் விட வேண்டும். பாதியில் டீசல் தீர்ந்தால், தண்ணீரே விடாமல் இருந்திருப்பதைவிட அதிகச் சேதம். டயர் கொளுத்திப் புகை போடாதீர்கள். தரையின் சூடு மேலே போவதை அந்தப் புகை தடுக்காது. காய்ந்த புல் நிற்கும் மாதத்தில் காட்டுத் தீதான் மிச்சம்.

சாதனை வெப்பநிலை பற்றியும் ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில் நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 29.54 டிகிரி, 1901 முதல் உள்ள பதிவுகளில் பிப்ரவரிக்கு அதுவே மிக அதிகம் என்று செய்தி வந்தது. இனி பனியே இருக்காதா அக்கா என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டான். அது நாடு முழுவதுக்குமான பகல் கணக்கு. நம் பள்ளத்து ராத்திரியை அதில் தேடக்கூடாது என்றேன். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானதே, அதுதான் நாம் ஒப்பிடத் தக்க சாதனை. 1986 ஏப்ரலின் 28.5-ஐ அது முந்தியது. ஒரே ஊர், அதிகாரபூர்வப் பதிவு. எந்தச் சாதனைச் செய்தியைப் படித்தாலும் எந்த இடம், எந்த ஆண்டிலிருந்து, பகலா இரவா என்று மூன்றையும் பாருங்கள்.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் கீழ்ப்பாத்தியில் கடைசியாக ஐஸ் பிடித்த தேதியை எழுதுகிறேன். கிழங்கு நட்டு மூன்று, நாலு வாரத்தில் முளை வெளியே தெரியும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கீழ்ப்பாத்தியில் நடும் நாளைக் குறிக்கிறேன். மேட்டில் பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே நட்டுவிடுவேன்.

எங்கள் பக்கம் பதினோரு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் எட்டரைக்கு எண்ணைப் போடுகிறோம். ‘இன்று மைனஸ் 2’ என்று மட்டும் யாராவது போட்டால் உடனே கேட்போம்: தரையிலா, நாலடியிலா? மேட்டிலா, பள்ளத்திலா? ராத்திரி காற்று இருந்ததா? பதில் வந்த பிறகுதான் நோட்டில் ஏறும்.